பெரிய டிஸ்க் போட்டால் மலை சின்னதாகிடுமா? பிரேக்கின் கதை

கார் வரலாறு என்று யாரைக் கேட்டாலும் எஞ்சினைப் பற்றித்தான் சொல்வார்கள். எத்தனை குதிரைத் திறன், எத்தனை நொடியில் நூறைத் தொடும், யார் முதலில் பந்தயத்தில் ஜெயித்தார்... இப்படியே போகும். ஓடுகிற வண்டியை நிறுத்த மனுசன் என்ன பாடு பட்டான் என்பதைப் பற்றி பேச்சே இருக்காது. இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான். "பி.காம். படிக்கிறவனுக்கு பிரேக்கில் என்ன வேலை?" என்று கேட்பவர்கள் கடைசி வரை படிக்கவும், கணக்கு வழக்கும் வருகிறது :-)

காரணம் ஒரு கேள்வி. கள்ளக்குறிச்சிப் பக்கத்து வகுப்புத் தோழன் ஒருவன் பழைய கார் ஒன்று வாங்கியிருக்கிறான். அவன் அம்மா வழிச் சொந்தமெல்லாம் கல்வராயன் மலையில். மாதம் இரண்டு முறையாவது குடும்பத்தோடு மலை ஏறி இறங்க வேண்டும். அதனால் முன் சக்கரத்துக்குப் பெரிய டிஸ்க்கும், சிவப்பு கலர் அடித்த நாலு பிஸ்டன் காலிப்பரும் மாட்டிவிட்டால் பயமில்லாமல் இறங்கலாமே என்று யோசிக்கிறான். "செலவு பண்ணலாமா, வேணாமா? நீதான் காஸ்டிங் படிக்கிறியே, சொல்லு" என்றான். பதில் சொல்ல வேண்டுமானால் 1902-ல் இருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. பொறுமையாக வாருங்கள்.

முதலில் எங்க மலை

கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு. பெரிய கல்வராயன், சின்னக் கல்வராயன் என்று இரண்டாகச் சொல்வார்கள். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டினால் ரோடு வளைந்து வளைந்து ஏறி வெள்ளிமலைக்குப் போகிறது. மலையாளி என்று அழைக்கப்படும் பழங்குடி மக்கள்தான் அங்கே பெரும்பான்மை. (கேரளாவுக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை, மலையில் ஆளுகிறவர்கள் என்ற பொருளில் வந்த பெயர் என்பார்கள்.)

நாடு 1947-ல் விடுதலை அடைந்தாலும் இந்த மலையில் ஜாகீர்தார் முறை ஒழிந்தது 1976-ல்தான். அதற்கப்புறம்தான் அரசாங்கம் என்ற ஒன்று மெல்ல மேலே ஏறியது. ரோடும் அப்படித்தான். 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. 2024 ஜூனில் நடந்த விஷச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து கல்வராயன் மலை மக்களின் அடிப்படை வசதிகளைப் பற்றி வழக்கு எடுத்தது. அதில் பேசப்பட்ட விஷயங்களில் ரோடும் ஒன்று.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், சமவெளியில் இருப்பவனுக்கு பிரேக் என்பது சிக்னலில் நிற்க. மலையில் இருப்பவனுக்கு அது வேற. மரவள்ளிக்கிழங்கும் கடுக்காயும் ஏற்றிய வண்டி இறங்குகிறது. ஆஸ்பத்திரிக்குப் போகிற கர்ப்பிணிப் பெண் இறங்குகிறாள். எல்லாமே கீழே வந்தாக வேண்டும், எல்லாமே பிரேக்கை நம்பித்தான் வருகிறது.

ஒரு சின்னக் கணக்கு

பயப்படாதீங்க, பிளஸ் டூ பிசிக்ஸ்தான். பிரேக் வேகத்தைத் தின்பதில்லை. வேகத்தை வெப்பமாக மாற்றுகிறது, அவ்வளவுதான். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகிற வண்டியை ஒரு தடவை நிறுத்தினால் ஒரு குறிப்பிட்ட அளவு வெப்பம் வரும். இப்போது 500 மீட்டர் உயரத்திலிருந்து வண்டி கீழே இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த உயரத்தில் இருக்கும் ஆற்றலை 60 கி.மீ. வேகத்தின் ஆற்றலோடு வகுத்தால் வருகிற விடை 35. அதாவது மலையை ஒரு தடவை இறங்குவது, 60-ல் வந்து 35 முறை வண்டியை முழுசாக நிறுத்துவதற்குச் சமம். இதில் வேடிக்கை, வண்டியின் எடை இந்த விகிதத்தை மாற்றாது. மொபெட்டானாலும் லாரியானாலும் 35-தான்.

இன்னும் கொஞ்சம் போவோம். ஆட்களோடு சேர்த்து 1200 கிலோ எடையுள்ள கார். முன்னால் இரண்டு டிஸ்க், ஒவ்வொன்றும் 5 கிலோ வார்ப்பிரும்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். 60-ல் இருந்து ஒரு தடவை நிறுத்தினால் வரும் வெப்பம் முழுக்க அந்த 10 கிலோ இரும்புக்குப் போனால், அதன் சூடு சுமார் 36 டிகிரி ஏறும். இது ஒன்றுமில்லை. ஆனால் 35 தடவை, நடுவில் ஆறவே விடாமல்? 1200 டிகிரிக்கும் மேலே. வார்ப்பிரும்பு உருகிவிடும் சூடு அது!

நிஜத்தில் அப்படி ஆகாது. காற்று பட்டு டிஸ்க் ஆறும். டயர் உருளும் உராய்வும் எஞ்சினும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். பின் பிரேக்கும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். ஆனால் யார் எவ்வளவு எடுத்துக்கொள்கிறார்கள் என்பதில்தான் உயிர் இருக்கிறது. பிரேக்கின் 120 வருச வரலாறே இந்த வெப்பத்தை எங்கே கொண்டு போய்க் கொட்டுவது என்ற தேடல்தான்.

காதைக் கிழித்த டிஸ்க்

டிஸ்க் பிரேக் நவீனமானது, டிரம் பழையது என்று நாம் நினைக்கிறோம். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே வயசு. இங்கிலாந்தின் பர்மிங்காமில் கார் செய்துகொண்டிருந்த ஃபிரெடரிக் லான்செஸ்டர் 1902-லேயே டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். அதே 1902-ல்தான் பிரான்சில் லூயி ரெனோ டிரம் பிரேக்கைச் செய்தார் என்றும் சொல்கிறார்கள்.

லான்செஸ்டருக்கு வந்த பிரச்சினை சத்தம். உலோகத்தோடு உலோகம் உரசினால் எப்படி இருக்கும்? கரும்பலகையில் நகத்தால் கீறுவதை நூறு மடங்கு ஆக்கிக்கொள்ளுங்கள். மண் ரோட்டுத் தூசி வேறு உள்ளே புகுந்து பட்டையை அரித்தது. டிரம்மோ மூடிய டப்பா, தூசி உள்ளே போகாது. அதனால் அடுத்த ஐம்பது வருசம் டிரம் ராஜ்ஜியம்.

உரசுகிற பட்டைக்கு என்ன பொருள் என்பதில் பெரிய ஆள் ஹெர்பர்ட் ஃப்ரூட். ஃபெரோடோ என்ற கம்பெனியைத் தொடங்கியவர் (அவர் பெயரின் எழுத்துகளையே கலைத்துப் போட்டு வைத்த பெயர்தான் அது). 1900-களின் முதல் பத்தாண்டில் அவர் கல்நார் கலந்த லைனிங்கைக் கொண்டுவந்தார். வெப்பத்தைத் தாங்கும், சத்தம் குறைவு, விலையும் குறைவு. உலகமே அதைப் பிடித்துக்கொண்டது. அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் புற்றுநோய் வரும் என்பது உறுதியாகி, பிரிட்டன் கல்நாரை முழுக்கத் தடை செய்தது 1999-ல். பழைய வண்டிக்கு டிரம் கழற்றி, உள்ளே இருக்கும் கறுப்புத் தூளைக் காற்றுக் குழாயால் 'புஸ்' என்று ஊதுகிற பட்டறைப் பையன்களைப் பார்த்திருப்பீர்கள். அடுத்த முறை பார்த்தால், ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள். மூக்கில் துணி கட்டச் சொல்லுங்கள்.

லெ மான் 1953

டிரம்முக்கு ஒரு பிறவிக் குறை உண்டு. சூடானால் அது விரியும். உள்ளே இருக்கும் பிரேக் ஷூவை விட்டு விலகிப் போகும். பெடலை இன்னும் ஆழமாக அமுக்க வேண்டும். அமுக்க அமுக்க இன்னும் சூடாகும். டிஸ்க் சூடானால் தடிக்கும், அதாவது பேடை நோக்கித்தான் வரும். போதாததற்கு அது திறந்த வெளியில் சுற்றுவதால் காற்று நேராகப் படும். மூடிய டப்பாவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

விமானங்கள் இதை முதலில் புரிந்துகொண்டன. டன்லப் கம்பெனி விமானச் சக்கரங்களுக்குச் செய்த டிஸ்க்கை ஜாகுவார் தன் பந்தயக் காருக்குக் கொண்டுவந்தது. 1952-ல் பிரான்சின் ரேம்ஸ் பந்தயத்தில் ஸ்டிர்லிங் மாஸ் டிஸ்க் பிரேக் போட்ட ஜாகுவார் சி-டைப்பில் ஜெயித்தார். அடுத்த வருசம், 1953-ல், 24 மணி நேர லெ மான் பந்தயம். டோனி ரோல்ட்டும் டங்கன் ஹாமில்டனும் ஓட்டிய ஜாகுவார் முதலிடம். சராசரி வேகம் மணிக்கு சுமார் 170 கி.மீ. அந்தப் பந்தயத்தில் சராசரி நூறு மைலைத் தாண்டியது அதுவே முதல் முறை.

எஞ்சின் பலத்தால் மட்டும் வந்த வெற்றி இல்லை இது. லெ மானில் கிட்டத்தட்ட 6 கி.மீ. நீளமுள்ள நேர்ப்பாதை உண்டு. அதன் முடிவில் கூர்மையான திருப்பம். டிரம் வைத்திருந்தவர்கள் ஒவ்வொரு சுற்றிலும் சீக்கிரமே பிரேக் பிடிக்க வேண்டும், அதுவும் இரவு ஆக ஆகப் பிடிப்பு குறையும். ஜாகுவார்காரர்கள் கடைசி வரை வேகமாகப் போய்ப் பிடித்தார்கள். 24 மணி நேரமும் அதே பிடிப்பு.

பிறகு சாதாரணக் கார்களுக்கும் வந்தது. 1955-ல் சித்ரோன் டி.எஸ்., 1956-ல் டிரையம்ப் டி.ஆர்.3. டிரையம்ப்பில் இருந்தது கெர்லிங் டிஸ்க். கெர்லிங் என்ற பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் சென்னைக்கு வருகிறது.

அதே 1955-ல் லெ மானில் இன்னொன்றும் நடந்தது. பிட்டுக்குள் திரும்புவதற்காக மைக் ஹாதார்னின் ஜாகுவார் வேகத்தைக் குறைத்தது. பின்னால் வந்த ஆஸ்டின் ஹீலி விலகியது. அதற்கும் பின்னால் பெரும் வேகத்தில் வந்த பியர் லெவேயின் மெர்சிடிஸ் ஹீலி மேல் ஏறிக் கூட்டத்துக்குள் பறந்தது. எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். மோட்டார் பந்தய வரலாற்றிலேயே பெரிய விபத்து. யார் குற்றம் என்று இன்றுவரை எழுதிக்கொண்டேதான் இருக்கிறார்கள், நான் அதற்குள் போகவில்லை. ஒன்று மட்டும்: ஜாகுவாரில் இருந்தது டிஸ்க், மெர்சிடிஸில் இருந்தது டிரம். ரோட்டில் நாம் மட்டும் தனியாக நிற்பதில்லை. நம் பின்னால் வருகிறவனும் நிற்க வேண்டும்.

பாடிக்கு வந்த பிரேக்

இப்போது நம்ம ஊர். இங்கேதான் என் பாடமும் வருகிறது. 1950-களில் மத்திய அரசு ஒரு முடிவெடுத்தது. உதிரி பாகங்களை இறக்குமதி செய்து இங்கே வெறுமனே மாட்டி விற்கக் கூடாது, இங்கேயே படிப்படியாகத் தயாரிக்க வேண்டும். அதற்கு ஒத்துவராத ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் 1953-54 வாக்கில் கடையைக் கட்டின. சென்னையில் அசோக் லேலண்டும் ஸ்டாண்டர்டு மோட்டாரும் நின்றன. கார், லாரி செய்தால் போதுமா? அதற்கு டைனமோ வேண்டும், பிஸ்டன் வேண்டும், பிரேக் வேண்டும். கதவை மூடியதால் உள்ளூரில் ஒரு சந்தை பிறந்தது.

1911-ல் மதுரையில் பஸ் தொழிலில் இறங்கிய டி.வி. சுந்தரம் அய்யங்காரின் குடும்பம் அந்தச் சந்தையைச் சரியாகப் பார்த்தது. 1962-ல் பிரிட்டனின் லூகாஸ் குழுமத்தோடு சேர்ந்து பாடியில் பிரேக்ஸ் இந்தியா தொடங்கியது. லூகாஸின் பிரேக் பெயர்தான் கெர்லிங்! அதே 1962-ல் கிளேட்டன் டிவாண்ட்ரே கம்பெனியோடு சேர்ந்து சுந்தரம் கிளேட்டன், லாரி பஸ்ஸுக்கான ஏர் பிரேக் செய்ய. 1964-ல் அம்பத்தூரில் ரானே பிரேக் லைனிங். 1970-களில் பாடியிலேயே சுந்தரம் பிரேக் லைனிங்ஸ். சென்னையின் மேற்கு ஓரத்தில் சில கிலோமீட்டருக்குள் இந்தியாவின் பிரேக் தொழிலில் ஒரு பெரிய பங்கு உட்கார்ந்துவிட்டது.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் பஸ் நிற்கும்போது 'புஸ்ஸ்' என்று காற்று விடும் சத்தம் கேட்டிருப்பீர்கள். ஏர் பிரேக். ரயிலுக்காக 1869-ல் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் கண்டுபிடித்தது. அதைச் சில வருசத்தில் அவரே தலைகீழாகத் திருப்பினார். காற்று வந்தால் பிரேக் பிடிக்கும் என்பதை, காற்று போனால் பிரேக் பிடிக்கும் என்று மாற்றினார். குழாய் அறுந்தாலும் ரயில் நின்றுவிடும். இன்றைய பஸ், லாரிகளின் பார்க்கிங் பிரேக்கிலும் அதே யோசனைதான். காற்று இல்லாவிட்டால் ஸ்பிரிங் தானாக இழுத்துப் பிடித்துக்கொள்ளும். தோற்றுப்போனாலும் பாதுகாப்பான பக்கமாகத் தோற்க வேண்டும். எனக்குப் படித்ததிலேயே பிடித்த யோசனை இதுதான்.

வணிகவியல் மாணவர்களுக்கு ஒரு கூடுதல் தகவல். ஜப்பானின் டெமிங் விருது தரத்துக்காகக் கொடுக்கப்படும் பெரிய விருது. 1998-ல் சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு அதை வாங்கியது. 2001-ல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ். 2003-ல் பிரேக்ஸ் இந்தியாவின் வார்ப்பாலையும் ரானே பிரேக் லைனிங்கும். ஐந்து வருசத்தில் நாலு பிரேக் ஆலைகள்! பிரேக்கில் நூற்றுக்கு ஒன்று பழுது என்றால் அது புள்ளிவிவரம் இல்லை, அது ஒரு குடும்பம். அதனால்தானோ என்னவோ இந்தத் தொழில் தரத்தை இவ்வளவு சீரியஸாக எடுத்துக்கொண்டது.

சோழவரமும் நரேனும்

பெரிய பிரேக் மோகம் பந்தயத்திலிருந்து வந்தது. தமிழ்நாட்டில் பந்தயம் என்றால் சோழவரம். இரண்டாம் உலகப் போர்க் கால விமான ஓடுபாதை. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயங்களை நடத்தியது. கூட்டம் கூட்டமாக ஜனங்கள் போவார்களாம். அம்பாசடரும் ஃபியட்டும் நாலு சக்கரத்திலும் டிரம்தான். நீண்ட ஓடுபாதை, அப்புறம் சடாரென ஒரு திருப்பம். லெ மானின் ஏழைச் சொந்தக்காரன் மாதிரி. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் கிளப்புக்குச் சொந்தமாக ஒரு தடம் வந்தது. கோயம்புத்தூரில் கரிவரதன் மாருதி 800 பாகங்களை வைத்து 1988-ல் ஃபார்முலா மாருதி என்ற சின்ன பந்தயக் காரைக் கொண்டுவந்தார். வசதி குறைந்த பையன்களும் பந்தயத்துக்கு வர அது வழி செய்தது. 1995-ல் விமான விபத்தில் இறந்துபோனார். 2003-ல் செட்டிபாளையத்தில் திறந்த தடத்துக்கு அவர் பெயர்.

அதே கோவையிலிருந்து போன நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஜோர்டான் அணியில் ஃபார்முலா 1 ஓட்டிய முதல் இந்தியர். ஃபார்முலா 1 பிரேக் என்றால் எவ்வளவு பெரிசா இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? 2021 வரை விதிப்படி விட்டம் 278 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது! சக்கரமே 13 அங்குலம், அதற்குள் அடங்க வேண்டும். நம் ரோட்டில் ஓடும் சில பெரிய கார்களின் டிஸ்க் இதைவிடப் பெரிசு. 2022-ல் 18 அங்குலச் சக்கரம் வந்த பிறகுதான் அங்கேயும் டிஸ்க் பெரிசானது. அதுவரை சின்ன டிஸ்க்கில் எப்படி சமாளித்தார்கள்? கார்பன் டிஸ்க், ஆயிரம் டிகிரியிலும் வேலை செய்யும். உள்ளே நூற்றுக்கணக்கான காற்றுத் துளைகள். அளவைவிட வெப்பத்தை ஆள்வதுதான் முக்கியம்.

நரேனுக்கு ஃபார்முலா 1-ல் கிடைத்த புள்ளிகள் 2005 அமெரிக்க கிராண்ட் பிரியில் வந்த 5 மட்டும்தான். நாலாவது இடம். அன்றைக்கு மிஷலின் டயர் அந்தத் தடத்தின் ஒரு வளைவைத் தாங்காது என்று தெரிந்து 14 கார்கள் விலகிக்கொள்ள, பிரிட்ஜ்ஸ்டோன் டயர் போட்ட ஆறு கார்கள் மட்டும் ஓடின. உலகத்தின் பெரிய எஞ்சினும் சிறந்த பிரேக்கும் வைத்திருந்தவர்கள், டயர் சரியில்லை என்பதால் ஓரமாக நின்றார்கள். இதையும் மனதில் வையுங்கள், அடுத்த பகுதிக்குத் தேவை.

சிவப்புக் காலிப்பர் என்ன தரும், என்ன தராது?

பெரிய டிஸ்க் தருவது இரண்டு. ஒன்று, நெம்புகோல் நீளம். மையத்திலிருந்து தள்ளிப் பிடித்தால் அதே அமுக்கத்துக்குத் திருப்பு விசை கூடும். கதவைக் கீல் பக்கம் தள்ளுவதற்கும் கைப்பிடி பக்கம் தள்ளுவதற்கும் உள்ள வித்தியாசம். இரண்டு, கூடுதல் இரும்பு. அதே வெப்பத்துக்குச் சூடு குறைவாக ஏறும், சீக்கிரம் ஆறும். பெரிய காலிப்பர் பேடை ஒரே சீராக அமுக்கும், பேடும் பெரிசு. பந்தயத் தடத்தில் ஓட்டுபவனுக்கு இவை எல்லாமே நிஜமான பலன்.

தராதது என்ன? ஒரே ஒரு அவசர பிரேக்கில் நிற்கும் தூரத்தை அது பெரிதாகக் குறைக்காது. காரணம் நரேன் கதையில் சொன்னது, டயர். கம்பெனி பிரேக்காலேயே சக்கரத்தைப் பூட்டிவிட முடிகிறது என்றால், அல்லது ஏ.பி.எஸ். துடிக்கும் அளவுக்கு அமுக்க முடிகிறது என்றால், அதற்கு மேல் எவ்வளவு விசை கொடுத்தாலும் வீண். தரையைப் பிடிப்பது டயர்தான். நல்ல காய்ந்த ரோட்டில் 60 கி.மீ. வேகத்தில் வரும் கார் நிற்க சுமார் 18 மீட்டர் போதும். ஆனால் "ஐயோ" என்று நினைத்துக் கால் பெடலுக்குப் போகிற ஒரு நொடியில் கார் 17 மீட்டர் போயிருக்கும்! அந்த 17 மீட்டரை எந்தக் காலிப்பராலும் குறைக்க முடியாது.

இன்னும் சில சிக்கல்கள்:

- பெரிய டிஸ்க்குக்குப் பெரிய வீல் வேண்டும். வீல் மாறினால் டயர் மாறும். செலவு ஒன்றோடு நிற்காது.
- காலிப்பர் பிஸ்டன் பெரிசாகி மாஸ்டர் சிலிண்டர் பழசாகவே இருந்தால் பெடல் ரொம்பக் கீழே போகும்.
- முன்னால் மட்டும் பிடிப்பைக் கூட்டினால் முன், பின் சமநிலை கெடும். கம்பெனி அந்த விகிதத்தைச் சோதித்துப் பார்த்துத்தான் வைத்திருக்கிறது. ஏ.பி.எஸ். கணக்கும் அதை வைத்துத்தான்.
- டிஸ்க்கில் போடும் ஓட்டைகள் அழகுதான். ஆனால் மலிவான டிஸ்க்கில் அந்த ஓட்டையிலிருந்துதான் விரிசல் தொடங்கும்.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாமல் மாற்றினால், விபத்துக்குப் பிறகு அவர்கள் முதலில் தேடுவது அதைத்தான் இருக்கும்.

மலையில் நிஜமாகக் கொல்வது

மலை இறக்கத்தில் பிரேக் போனது என்று செய்தி வந்தால், பெரும்பாலும் டிஸ்க் சின்னதாக இருந்ததால் இல்லை. பிரேக் ஆயில் கொதித்திருக்கும். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் திரவம். டாட் 3 ஆயில் புதுசாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை தாங்க வேண்டும் என்பது தரம். ஈரம் ஏறிய பிறகு அதே அளவுகோல் 140. டாட் 4-க்கு 230, 155. கொதித்தால் குழாயில் நீராவிக் குமிழி. குமிழி அமுங்கும், ஆயில் அமுங்காது. பெடலை மிதித்தால் பஞ்சில் மிதித்த மாதிரி தரை வரை போகும். நாலு பிஸ்டன் காலிப்பரும் அப்போது வெறும் அலங்காரம்.

எங்க பெரியப்பா முப்பது வருசம் மினி லாரி ஓட்டியவர். இந்தக் கணக்கையெல்லாம் அவரிடம் போய் ஆர்வமாகச் சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "இதுக்கா இவ்ளோ படிச்ச? ஏறுன கியர்லயே எறங்குடா, அவ்ளோதான்" என்றார். மலை ஏறும்போது எந்த கியர் தேவைப்பட்டதோ அதே கியரில் இறங்கினால் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். அந்த 35-ல் பெரும்பங்கை எஞ்சின் வாங்கிக்கொள்ளும், பிரேக்குக்கு மிச்சம்தான் வரும். டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் இறக்குபவன் 35-ஐயும் பிரேக் தலையிலேயே கட்டுகிறான். "நியூட்ரல்ல எறக்குறவன் வண்டியில பொணமாக் கூட ஏற மாட்டேன்" என்பதும் அவர் வசனம்தான். ஏறினால் பிணமாகத்தான் இறங்க வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொள்வார்.

ஆகவே, கணக்கு

பொருளாதாரத்தில் குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாடு என்று ஒன்று படிக்கிறோமே, இதுதான் அது. முதல் ரூபாய் எங்கே அதிகப் பயன் தருமோ அங்கே போக வேண்டும். நண்பனுக்கு நான் எழுதிக் கொடுத்த வரிசை:

1. நல்ல டயர். வழுக்கையாகும் முன்னே மாற்று.
2. பிரேக் ஆயில் இரண்டு வருசத்துக்கு ஒரு தடவை. பழசை முழுக்க எடுத்து, காற்று எடுத்து, புதுசு. கம்பெனி எந்த வகை சொல்லியிருக்கிறதோ அது.
3. நல்ல கம்பெனி பேட். டிஸ்க் தேய்ந்து குறித்த தடிமனுக்குக் கீழே போயிருந்தால் கம்பெனி அளவிலேயே புது டிஸ்க். பின் டிரம்மையும் பார்.
4. காருக்கு எத்தனை பேர் என்று எழுதியிருக்கிறதோ அத்தனை பேர்.
5. இறங்கும்போது இரண்டாவது கியர். தேவைப்பட்டால் முதல். இது இலவசம்.

இது ஐந்தையும் செய்த பிறகும் பணம் மிச்சமிருந்து, இருங்காட்டுக்கோட்டையில் தடம் ஓட்டப் போகிறான் என்றால், அதற்கென்று ஒரு வண்டியில் தாராளமாகப் பெரிய காலிப்பர் போடட்டும். அங்கே அதற்கு அர்த்தம் இருக்கிறது. அம்மாவையும் பாட்டியையும் ஏற்றிக்கொண்டு வெள்ளிமலையிலிருந்து இறங்குகிற காருக்கு அது முதல் தேவை இல்லை.

பையன் கொஞ்சம் முகம் சுளித்தான். "சிவப்பு கலர் மட்டுமாவது அடிச்சிக்கிறேன்டா" என்றான். சூடு தாங்கும் பெயிண்டாகப் பார்த்து அடி, பேடிலும் டிஸ்க்கிலும் ஒரு சொட்டுகூடப் படக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன் :-)

உங்க ஊர் மலைப்பாதையில் டிரைவர்கள் சொல்லும் அனுபவ மொழிகள் ஏதாவது இருந்தால் எழுதுங்கள். ஏற்காடு, கொல்லிமலை, ஜவ்வாதுமலைக்காரர்கள் கண்டிப்பாக நிறைய வைத்திருப்பீர்கள். சேர்த்து வைக்கலாம்.

டிஸ்கி: இது வரலாறு படித்த ஒரு வணிகவியல் மாணவனின் கட்டுரை. வண்டியில் கை வைக்கும் முன் நல்ல மெக்கானிக்கைக் கேளுங்கள்.